வேதியியலின் கதை – 9: மிஞ்சிய குமிழி

சென்ற இதழில் ஜோசப் பிரீஸ்ட்லியை விட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம். 1774 ஆகஸ்ட் 1 அன்று, சிவப்புப் பாதரசப் பொடியின்மேல் குவிகண்ணாடியால் வெயிலைக் குவித்து, மெழுகுவத்தியைச் சுடர்விட்டு எரியச் செய்யும் புதுக் காற்று ஒன்றைப் பிடித்தார் அவர். இன்று அதை ஆக்சிஜன் என்கிறோம். அதே பிரீஸ்ட்லியும் அவருடைய நண்பர் ஜான் வால்டயரும் இன்னொன்றையும் கண்ணால் பார்த்திருந்தார்கள். மூடிய பாத்திரத்துக்குள் ‘எரியும் காற்றை’யும் சாதாரணக் காற்றையும் கலந்து மின்பொறியால் வெடிக்க வைத்தால், உட்சுவரில் பனித்துளிபோல ஈரம் பூக்கிறது. வால்டயரின் கவனமோ வெடிப்பில் எடை குறைகிறதா என்பதில்தான் இருந்தது. ஈரத்தை இருவரும் குறித்துவைத்தார்கள். அதன் பின்னால் போகவில்லை.

அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்தான் இந்த இதழின் நாயகர், ஹென்றி கேவண்டிஷ்.

பேசாத மனிதரின் கணக்கு

கேவண்டிஷ் 1731-ல் நீஸ் நகரில் பிறந்தவர். தந்தை வழியில் டெவன்ஷயர் கோமகனின் பேரன். தாய் வழியில் கென்ட் கோமகனின் பேரன். பணத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். வீட்டு வேலையாட்களிடம் நேரில் பேசக்கூடக் கூச்சப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிடுவாராம். ஆனால் தராசின் முன்னும் கண்ணாடிக் குழாயின் முன்னும் உட்கார்ந்துவிட்டால் அவருடைய பொறுமைக்கு எல்லை கிடையாது. துத்தநாகம், இரும்பு, தகரம் ஆகிய உலோகங்களை அமிலத்தில் கரைத்து, கிளம்பும் எரியும் காற்றைப் பிடித்து, அது சாதாரணக் காற்றைவிட எவ்வளவு லேசானது என்று அளந்து 1766-ல் கட்டுரை வெளியிட்டார். நாம் ஹைட்ரஜன் என்று சொல்வது அதைத்தான். அந்த ஆண்டு ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

1781 கோடையில் பிரீஸ்ட்லியின் வெடிப்புச் சோதனையை அவர் கையில் எடுத்தார். வெடித்தால் ஈரம் வருகிறது என்பதை ஒருமுறை பார்த்துத் திருப்திப்படுகிறவர் அல்ல அவர். ‘எவ்வளவுக்கு எவ்வளவு’ என்பதுதான் அவருடைய கேள்வி. ஒவ்வொரு முறையும் சாதாரணக் காற்று 1000 பங்கு. அதனோடு சேர்க்கும் எரியும் காற்றின் அளவை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். வெடித்த பிறகு மொத்தப் பருமன் எத்தனை பங்கு சுருங்கியது என்று குறித்தார். அவருடைய பட்டியலை, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தித் தருகிறேன்:

எரியும் காற்று 206 பங்கு – சுருக்கம் 294
எரியும் காற்று 331 பங்கு – சுருக்கம் 476
எரியும் காற்று 423 பங்கு – சுருக்கம் 612
எரியும் காற்று 706 பங்கு – சுருக்கம் 647
எரியும் காற்று 1055 பங்கு – சுருக்கம் 642
எரியும் காற்று 1241 பங்கு – சுருக்கம் 686

இந்த ஆறு வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் ‘வினைக் கட்டுப்பாட்டுக் காரணி’ என்ற தலைப்பில் வருவது முழுக்க இதற்குள் இருக்கிறது.

முதல் மூன்று வரிகளில் எரியும் காற்று கூடக் கூட, சுருக்கமும் கூடவே ஏறுகிறது. 206-லிருந்து 423-க்குப் போனால், 294-லிருந்து 612-க்குப் போகிறது. இரட்டிப்புக்கு இரட்டிப்பு. அதற்குப் பிறகு ஏற்றம் நின்றுபோகிறது. எரியும் காற்றை 706 ஆக்கினாலும் 1055 ஆக்கினாலும் சுருக்கம் 640-ஐ ஒட்டியே நிற்கிறது. 423-க்கு இந்தப் பக்கம் வினையின் கடிவாளம் எரியும் காற்றின் கையில்; அந்தப் பக்கம் சாதாரணக் காற்றில் ஒளிந்திருக்கும் ஆக்சிஜனின் கையில். அந்த 423-ன் அருகில்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகத் தீர்கின்றன.

இன்றைய அறிவைக் கொண்டு சரிபார்ப்போம். 1000 பங்கு காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 209 பங்கு. ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் என்றால், தேவை 418. கேவண்டிஷ் கண்டது 423. முழுச் சுருக்கம் 209-ம் 418-ம் சேர்ந்து 627 ஆக இருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தவை 612-ம் 647-ம். மூலக்கூறு என்ற கருத்தே உருவாகாத காலம் அது. மின்பொறியும் கண்ணாடிப் பாத்திரமும்தான் கருவிகள்.

ஆனால் என்னை அதிகம் நெகிழவைப்பது பட்டியலின் இன்னொரு பத்தி. வெடித்த பிறகு மிஞ்சிய காற்றையும் அவர் சும்மா விடவில்லை. நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் கலந்து ‘நல்ல காற்று’ இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அந்தக் காலத்தில் உண்டு. 206, 331 என்ற அளவுகளில் மிஞ்சிய காற்றில் ஆக்சிஜன் கணிசமாக இருந்தது. 423-ல் மிகச் சொற்பம். 706-லும் அதற்கு மேலும் சுத்தமாக இல்லை. எது முதலில் தீர்ந்துபோனது என்பதை மிஞ்சி நின்றதை விசாரித்துத்தான் அவர் உறுதிசெய்தார்.

எடையா, எண்ணிக்கையா?

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கணக்கில் இரண்டு பொருள்களின் எடையைக் கொடுத்தால், குறைந்த எடை உள்ளதே முதலில் தீரும் என்று மனம் தானாக நினைத்துவிடும். 10 கிராம் ஹைட்ரஜன், 64 கிராம் ஆக்சிஜன் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன்தான் குறைவு என்று தோன்றும். ஆனால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகான மோலில் பார்த்தால், 10 கிராம் ஹைட்ரஜன் என்பது 5 மோல். 64 கிராம் ஆக்சிஜன் என்பது 2 மோல்தான். 2 மோல் ஆக்சிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜன் போதும். எடையில் ஆறு மடங்குக்கும் அதிகமான ஆக்சிஜனே முதலில் தீர்ந்துபோகிறது. 72 கிராம் தண்ணீர் வரும். 2 கிராம் ஹைட்ரஜன் துணையில்லாமல் நிற்கும். 10-ம் 64-ம் கூட்டினால் 74. 72-ம் 2-ம் கூட்டினாலும் 74. கணக்கு நேர்.

நம் அடுக்களையில் இது தெரிந்த விஷயம்தான். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போடுகிற வீட்டில், எட்டுப் படி அரிசி நனைந்திருக்க உளுந்து ஒரு படிதான் இருக்கிறதென்றால், நாலு படி அரிசிக்குத்தான் இட்லி மாவு. எது குறைவு என்று யாரும் தனித்தனியே பார்ப்பதில்லை. விகிதத்துக்கு எது பற்றாது என்றுதான் பார்ப்பார்கள்.

கேவண்டிஷுக்கு ஒரு வகையில் வாயுக்களே துணை நின்றன. திடப்பொருளாக இருந்திருந்தால் எடைதான் போட்டிருப்பார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எடையில் 1-க்கு 8 என்று சேர்பவை. அந்த எண்ணுக்குள் 2-க்கு 1 என்ற எளிமை மறைந்து போயிருக்கும். வாயுவாக இருந்ததால் பருமனை அளந்தார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும், சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியின் அவோகாட்ரோ 1811-ல் சொன்னார். அந்த வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால்தான் கேவண்டிஷின் பட்டியலுக்கு முழு அர்த்தம் வருகிறது. பருமனை அளந்தபோதெல்லாம் தன்னை அறியாமல் அவர் மூலக்கூறுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோளத்துக்குள் ஒரு புளிப்பு

அடுத்து அவர் சாதாரணக் காற்றை விட்டுவிட்டு நேரடியாக ஆக்சிஜனையே எடுத்தார். எரியும் பொருள்களிலிருந்து ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுவதாக நம்பிய காலம் அது; எனவே அவர் வாயில் அது ‘ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று’. 8,800 குன்றி அளவு கொள்ளும் கண்ணாடிக் கோளம் ஒன்று. அதற்குப் பித்தளைத் திருகுக் குழாய். குன்றி அளவு என்று இங்கே நான் எழுதுவது ஆங்கிலேயரின் ‘கிரெயின்’ அளவை. ஒரு கிரெயின் எடையுள்ள தண்ணீர் அடைத்துக்கொள்ளும் இடம் அது. ஜாடியில் 37,000 அளவு எரியும் காற்றும் 19,500 அளவு ஆக்சிஜனும் கலந்து வைத்தார். கோளத்திலிருந்த காற்றை எடுத்துவிட்டுத் திருகைத் திறந்ததும் கலவை உள்ளே பாய்ந்தது. திருகை மூடி மின்பொறி கொடுத்தார். வெடித்தது. கோளம் கிட்டத்தட்ட வெறுமையாயிற்று. மறுபடி திறந்தார், கலவை தானாக உள்ளே வந்தது, மறுபடி வெடிக்க வைத்தார். ஜாடியில் இருந்தது ஏறக்குறைய எல்லாம் தீரும்வரை இப்படியே. முடிவில் கோளத்தின் அடியில் சுமார் 30 கிரெயின் திரவம் தேங்கியிருந்தது.

அந்த எண்களை நாம் மோல் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு கிரெயின் 0.0648 கிராம். அப்படியென்றால் 37,000 அளவு என்பது சுமார் 2.4 லிட்டர், 19,500 அளவு சுமார் 1.26 லிட்டர். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே ஹைட்ரஜன் 0.1 மோல், ஆக்சிஜன் 0.0527 மோல். 0.1 மோல் ஹைட்ரஜனுக்கு வேண்டிய ஆக்சிஜன் 0.05 மோல்தான். ஆகவே இங்கே முதலில் தீரும் பொருள், அதாவது வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, ஹைட்ரஜன். ஆக்சிஜன் ஒரு சிட்டிகை மிகுதி. உருவாக வேண்டிய தண்ணீர் 0.1 மோல், அதாவது 1.8 கிராம். கிரெயினில் சொன்னால் சுமார் 28. அவர் கோளத்தில் கண்டது சுமார் 30.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்ணாடியில் தேக்கிய ஈரமும், இன்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நோட்டில் போடும் மூன்று வரிக் கணக்கும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஆனால் அந்தத் திரவத்தில் ஒரு சங்கடம் இருந்தது. நாவில் வைத்தால் புளித்தது. முன்பு சாதாரணக் காற்றோடு எரித்து, நீண்ட கண்ணாடிக் குழாயில் சேர்த்த தண்ணீருக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. இதுவோ அமிலம். காரம் சேர்த்துச் சமன்செய்து, வற்றவைத்தால் ஏறத்தாழ 2 கிரெயின் வெடியுப்பு கிடைத்தது. எரியும் காற்றும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெறும் தண்ணீரா, அமிலமா?

வேறொருவராக இருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று கழுவி ஊற்றியிருப்பார். கேவண்டிஷ் கலவையின் அளவுகளை மாற்றி மாற்றித் திரும்பச் செய்தார். ஆக்சிஜன் மிகுதியாக இருந்தால் தண்ணீர் புளிக்கிறது. எரியும் காற்று மிகுதியாக இருந்தால் புளிப்பே இல்லை. வினைபுரிவது அதே இரண்டு பொருள்தான். எது மிஞ்சுகிறது என்பது மட்டும் மாறியது. கிடைக்கும் திரவமே வேறாகிவிட்டது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புரியும்: வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் அதே மூன்றுதான், சுண்ணாம்பு ஒரு விரல் கூடினால் நாக்கு வெந்துவிடும்.

காரணத்தையும் அவர் கண்டார். கலவையில் தப்பித்தவறி ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் நைட்ரஜன்தான் அதற்குப் பொறுப்பு. வெடிப்பின் சூட்டில், வேலையற்று மிஞ்சிய ஆக்சிஜன் அந்த நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு அமிலமாகிறது. ஹைட்ரஜன் மிகுந்திருந்தால் ஆக்சிஜன் முழுவதும் தண்ணீருக்கே போய்விடும். நைட்ரஜனுக்குத் துணை கிடைக்காது. 1784 ஜனவரி 15 அன்று ராயல் சொசைட்டியில் இந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. தண்ணீர் தனிமம் அல்ல என்ற முடிவுக்கு உலகம் வந்து சேர்ந்த பாதையில் அது பெரிய மைல்கல். அதை ஃப்ளோஜிஸ்டன் மொழியிலிருந்து விடுவித்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்று தெளிவாகச் சொன்னவர் பாரிஸின் லவாய்சியர்.

ஒரு சிறு குமிழி

புளிப்பு தந்த துப்பைப் பிடித்துக்கொண்டு கேவண்டிஷ் அடுத்த படிக்குப் போனார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் அந்த ‘ஃப்ளோஜிஸ்டன் ஏறிய காற்று’, அதாவது நைட்ரஜன், முழுக்க ஒரே பொருள்தானா? அல்லது பல காற்றுகளை ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோமா?

இதற்கு அவர் அமைத்த சோதனை எளிமையானது, ஆனால் கைகள் ஓய்ந்துபோகும் சோதனை. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அதன் இரு முனைகளும் இரண்டு பாதரசக் கிண்ணங்களில் மூழ்கியிருக்கும். வளைவின் உச்சியில் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். அதன் கீழ் அமிலத்தை உறிஞ்சக் கொஞ்சம் காரநீர். மின் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி, அந்தக் காற்றினூடே பொறிகளை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் துளியிலும் துளியாக நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேரும்; சேர்ந்தது காரநீரில் கரையும்; பாதரசம் இம்மியளவு மேலேறும்.

இங்கே அவர் மிகுதியைத் தானே வேண்டுமென்று ஏற்படுத்தினார். நைட்ரஜன் கடைசித் துளிவரை தீர வேண்டுமானால், அதற்குத் துணை எந்தக் கட்டத்திலும் பற்றாமல் போகக் கூடாது. எனவே ஆக்சிஜனை மேலும் மேலும் சேர்த்தார். நைட்ரஜனைக் கட்டுப்பாட்டுக் காரணியாக்கினார் என்று இன்றைய மொழியில் சொல்லலாம். இனிச் சுருங்க இடமில்லை என்றான பிறகு, எஞ்சிய ஆக்சிஜனைக் கந்தகக் கலவை நீரால் உறிஞ்சி அகற்றினார். எதையும் மிச்சம் வைக்காத ஏற்பாடு. குழாய் வெறுமையாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. பாதரசத்துக்கு மேலே ஒரு சிறு குமிழி நின்றது. எவ்வளவு பொறி விட்டாலும் அசையவில்லை, எதோடும் சேரவில்லை. அதை அளந்தார். எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120-ல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. 1785 ஜூன் 2 அன்று ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் அந்த எண்ணையும் எழுதிவைத்தார். நைட்ரஜனில் வேறு ஏதாவது கலந்திருந்தால் அது இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்பதே அவர் சொன்னது. குமிழி இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் ‘சோதனைப் பிழை’ என்று துடைத்துவிடவும் அவருக்கு மனம் வரவில்லை.

109 ஆண்டுகள் கழித்து

கேவண்டிஷ் 1810-ல் மறைந்தார். குமிழி அச்சிட்ட பக்கத்தில் உறங்கியது.

1890-களில் எசெக்ஸ் மாவட்டத்தின் டெர்லிங் கிராமத்தில், தன் வீட்டு ஆய்வகத்தில் ரேலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம். அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் 1.2505 கிராம். வேறுபாடு 200-ல் ஒரு பங்கு. எத்தனை முறை செய்தாலும் அது போகவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த வில்லியம் ராம்சே இந்தப் புதிரில் கைகோத்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மேல் திரும்பத் திரும்ப ஓட்டினார். நைட்ரஜனை மக்னீசியம் விழுங்கிக்கொண்டே போனது. ஒரு பகுதியை மட்டும் விழுங்க மறுத்தது. ரேலே கேவண்டிஷின் பழைய மின்பொறிச் சோதனையையே எடுத்துத் திரும்பச் செய்தார். அதே குமிழி மீண்டும் வந்து நின்றது.

1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் புதிய வாயுவை அறிவித்தார்கள். எதனோடும் சேராத சோம்பேறி என்ற பொருளில் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள். காற்றில் அதன் பங்கு 100-க்கு 0.93. ஆக்சிஜன் போக மீதியில் ஏறத்தாழ 85-ல் ஒரு பங்கு. கேவண்டிஷ் கண்ட 120-ல் ஒரு பங்கு சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு சிறு குமிழியை வைத்து அவர் அவ்வளவு நெருங்கியிருந்தார். 1904-ல் ரேலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

தேர்வுத்தாளில் ‘மிகுதியாக உள்ள வினைபொருளின் நிறையைக் காண்க’ என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி உட்பிரிவாகத்தான் வரும். விடை கிடைத்த களைப்பில் பிள்ளைகள் அதை அவசரமாகக் கழித்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எது முதலில் தீர்கிறதோ அது எவ்வளவு விளையும் என்று சொல்கிறது, எது மிஞ்சுகிறதோ அது நீ எதைக் கவனிக்கவில்லை என்று சொல்கிறது. கேவண்டிஷ் இரண்டையும் ஒரே அக்கறையோடு அளந்தார். தண்ணீரின் கட்டமைப்பு முதலாவதிலிருந்து வந்தது. காற்றில் மறைந்திருந்த ஒரு தனிமம் இரண்டாவதிலிருந்து வந்தது.

இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங் செய்து தரப்படும்’ என்ற பலகையைப் பார்க்கலாம். எவர்சில்வர் குழாயைப் பற்றவைக்கும்போது, சுடச்சுட இருக்கும் உலோகத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தீண்டிவிடாமல் சிலிண்டரிலிருந்து ஒரு வாயு ஓசையின்றிப் போர்த்திக்கொண்டிருக்கும். எதோடும் சேராத குணம்தான் அதன் தகுதி. பாதரசத்தின்மேல் அசையாமல் நின்ற அந்தக் குமிழிதான் அது.

அடுத்த இதழில்: கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1789-ல், வேதியியலில் கணிதத்துக்கு என்ன இடம் என்று ஆய்வேடு எழுதிய இளைஞர் ஜெரெமியாஸ் ரிக்டர். எந்த அமிலத்துக்கு எவ்வளவு காரம் தேவை என்று வாழ்நாளெல்லாம் எடைபோட்டு, இந்தக் கணக்குக் கலைக்கு ‘ஸ்டாய்க்கியோமெட்ரி’ என்று பெயரும் சூட்டியவர் அவர்.

(தொடரும்)